நூற்றுப் பன்னிரண்டுக்குப் பிறகு

நாவலைத் தேங்காயோடும் வெற்றிலை பாக்கோடும் சேர்த்து மஞ்சள் பையில் போட்டுக் கொடுத்த குடும்பத்தை நீங்கள் எங்காவது பார்த்திருக்கிறீர்களா? ஓசூர் பாகலூர் சாலையில் ரேவதி கட்டிய புது வீட்டின் கிரகப்பிரவேசத்தில் அது நடந்தது. பந்தி முடிந்து கை கழுவி வந்தவர்களுக்கெல்லாம் வாசலில் தாம்பூலப் பை. வழக்கமாக எவர்சில்வர் கிண்ணமோ பிளாஸ்டிக் டப்பாவோ இருக்கிற இடத்தில் நூற்றுத் தொண்ணூற்றிரண்டு பக்கத்தில் ஒரு நாவல். பெயர் ‘எட்டாவது கட்டில்’. எழுதியவள் ரஞ்சிதா, ரேவதியின் தம்பி பெண்டாட்டி.

“கிண்ணம் குடுத்தா அடுத்த விசேஷத்துல அதையே நமக்குத் திருப்பிக் குடுப்பாங்க. புஸ்தகத்த எவளும் திருப்பிக் குடுக்க மாட்டா” என்பது ரேவதி சொன்ன நியாயம். சொன்னபடியே ஒரு புத்தகமும் திரும்பி வரவில்லை. பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு “கனமா இருக்கே, ஸ்வீட்டா?” என்று கேட்டவர்கள் உண்டு. ரேவதியின் பக்கத்து வீட்டம்மா, மஞ்சள் குங்குமத்தோடு வந்ததாயிற்றே என்று புத்தகத்துக்கும் பொட்டு வைத்துப் பூஜை அலமாரியில் நிறுத்திவிட்டார். அது இன்றைக்கும் லட்சுமி படத்துக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. கதை எழுதியவளுக்கு இதைவிடப் பெரிய மரியாதையை யார் செய்துவிட முடியும்? ஒரு தரம் திறந்தும் பார்த்திருக்கலாம், அவ்வளவுதான்.

ரஞ்சிதாவுக்குச் சொந்த ஊர் மானாமதுரை. டிப்ளமோ முடித்த கையோடு பத்தொன்பது வயதில், இரண்டாயிரத்து ஏழில், ஓசூர் சிப்காட்டுக்குப் பயிற்சியாளராக வந்தாள். வண்டிகளுக்கு உதிரிப் பாகம் செய்கிற கம்பெனி. ஒரு வருஷத்தில் போய்விடலாம் என்று வந்தவள்தான். வேலை நிரந்தரமாகி, அதே கம்பெனியில் லேத் ஓட்டிய ஸ்ரீராமைக் கல்யாணம் செய்து, மகள் சுசித்ரா பிறந்து, அவளும் எட்டாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். ஓசூர்க் குளிர் இப்போது ரஞ்சிதாவுக்கு உறைப்பதே இல்லை.

அவளுடைய வேலை குறை கண்டுபிடிப்பது. வீட்டில் இல்லை, கம்பெனியில். தட்டுத் தட்டாக வந்து நிற்கிற புஷ் என்கிற இரும்பு வளையங்களைக் கேஜ் வைத்து அளந்து பார்த்து, சரியாக இருந்தால் பச்சை ஸ்டிக்கர், இல்லாவிட்டால் சிவப்பு. முடியளவு வித்தியாசத்தையும் விடமாட்டாள். புதிதாக வரும் பிள்ளைகள் தட்டின் மேலே ஒன்று, அடியில் ஒன்று எடுத்துப் பார்த்துவிட்டுச் செக் ஷீட்டில் கையெழுத்துப் போட்டால் அவளுக்குக் கெட்ட கோபம் வரும். “நடுவுல இருக்கறத உங்க மாமாவா வந்து பாப்பாரு?” என்று கேட்பாள்.

இப்படிப்பட்டவள் எதற்கு நாவல் எழுதினாள் என்றால், ஒரு பெண்ணுக்காக. வேலைக்கு வந்த புதிதில் மூக்கண்டப்பள்ளியில் ஒரே அறையில் எட்டுப் பெண்கள் தங்கியிருந்தார்கள். எட்டு இரும்புக் கட்டில். ஜன்னலோரத்து எட்டாவது கட்டில் பொற்கொடியுடையது. ஒருநாள் முதல் ஷிப்ட் முடிந்து எல்லோரும் திரும்பியபோது அந்தக் கட்டில் காலியாகக் கிடந்தது. பெட்டி மட்டும் இருந்தது. கம்பெனிக்கும் அவள் வரவில்லை. யாரோடாவது ஓடிப்போயிருப்பாள் என்றாள் ஒருத்தி. பெங்களூரில் நல்ல சம்பளத்துக்குப் போயிருப்பாள் என்றாள் இன்னொருத்தி. ஒரு மாதம் பேசினார்கள். பிறகு அந்தக் கட்டிலுக்கு வேறொரு பெண் வந்தாள், பேச்சும் நின்றது. ரஞ்சிதாவுக்கு மட்டும் நிற்கவில்லை. எங்கே போனாள், ஏன் சொல்லாமல் போனாள் என்பது பதினேழு வருஷமாக மனதுக்குள் அரித்துக்கொண்டே கிடந்தது. ஆறு வருஷம், ஷிப்ட் போக மிஞ்சிய நேரத்திலெல்லாம் நோட்டு நோட்டாக எழுதித் தள்ளினாள். பொற்கொடிக்கு வசந்தா என்று பேர் மாற்றி, அவள் போன இடத்தையும் தானாகக் கற்பனை செய்து, நாவலின் நடுவில் வைத்தாள்.

முந்நூறு பிரதி அச்சாகி அட்டைப்பெட்டிகளில் வந்து இறங்கிய அன்று ரஞ்சிதா முதல் புத்தகத்தைக் கையில் எடுத்து முகர்ந்து பார்த்தாள். அட்டையில் தன் பேரைத் தடவினாள். முதல் பக்கத்தைப் படித்தாள், கடைசிப் பக்கத்தைப் படித்தாள், மூடினாள். ஆறு வருஷமாகப் படித்துப் படித்துச் சலித்த கதைதானே. தவிர, உள்ளே எங்காவது எழுத்துப் பிழை கண்ணில் பட்டுவிடுமோ என்று பயமாகவும் இருந்தது.

அதன் பிறகு குடும்பமே களத்தில் இறங்கியது. ஸ்ரீராம் தன் போனில் இருந்த பத்துப் பதினைந்து வாட்ஸாப் குரூப்புகளிலும் அட்டைப்படத்தைப் போட்டான். கம்பெனி பஸ் குரூப், அபார்ட்மெண்ட் தண்ணீர் லாரி குரூப், எதையும் விடவில்லை. தண்ணீர் லாரி எப்போது வரும் என்று காத்திருந்தவர்கள் நாவலைப் பார்த்துக் கை கூப்பும் பொம்மையை அனுப்பினார்கள். சுசித்ரா புத்தகத்தைச் சுற்றிச் சுற்றி வீடியோ எடுத்து, பாட்டுச் சேர்த்துப் போட்டாள். ரஞ்சிதாவோடு வேலை பார்க்கும் அருணாவோ எல்லோரையும் மிஞ்சினாள். கம்பெனியில் எந்திரத்துக்கு ஒரு செக் ஷீட் தொங்குவதுபோல நாவலுக்கும் ஒரு செக் ஷீட் அச்சடித்தாள். பேர், டோக்கன் நம்பர், தேதி, படித்தாயிற்றா, கையெழுத்து. பத்துப் பிரதிகளை லைனில் விட்டு, “படிச்சு முடிச்சிட்டு டிக் போட்டு அடுத்தவங்ககிட்ட குடுக்கணும்” என்று உத்தரவும் போட்டாள்.

மூன்றே வாரத்தில் ஷீட் நிரம்பிவிட்டது. அறுபத்திரண்டு டிக். பாராட்டுக்கும் பஞ்சமில்லை. “சூப்பர் மேடம்.” “ஒரே மூச்சுல முடிச்சிட்டேன்க்கா.” “கடைசில கண்ணுல தண்ணி வந்துருச்சு” என்றது வேறு யாருமில்லை, கட்டின புருஷன். ரஞ்சிதாவுக்கு வாயெல்லாம் பல். ஆனாலும் அவள் காத்திருந்த ஒரு கேள்வி மட்டும் வரவே இல்லை. ‘அந்தப் பொண்ணு நெஜமா? உண்மையில எங்க போனா?’ என்று படித்த யாராவது கேட்காமல் இருக்க முடியுமா? கேட்டால் சொல்வதற்கு அவளிடம் ஒரு அறை நிறையக் கதை இருந்தது. கேண்டீனில் வேண்டுமென்றே தனியாக உட்கார்ந்து பார்த்தாள். பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர்கள் சாம்பாரில் உப்பு ஜாஸ்தி என்றார்கள். ஒருவேளை தான் அவ்வளவு தெளிவாக எழுதிவிட்டோமோ, கேட்க ஒன்றும் மிச்சமில்லையோ என்றுகூட நினைத்துக்கொண்டாள். பாவம்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது.

“மேடம், எட்டாவது கட்டில் புஸ்தகம் எழுதினவங்களா?”

“ஆமாங்க, சொல்லுங்க.”

“நான் எல்லப்பன், ஜவளகிரி. ரேவதி மேடம் வூட்டுக்கு டைல்ஸ் போட்டது நான்தான். தாம்பூலத்துல குடுத்தாங்க. நூத்திப் பன்னெண்டு வரைக்கும் நல்லாப் போச்சு மேடம். அதுக்கு அடுத்து மறுபடி தொண்ணூத்தி ஏழு வருது. நான்தான் தப்பாப் பொரட்டிட்டேன்னு நாலு தபா பாத்தேன். அப்புறம் நேரா நூத்தி இருவத்தி ஒம்போது. அதுல எல்லாரும் அந்தப் பொண்ணு போன எடத்தப் பத்திப் பேசறாங்க. அது எங்க போச்சுன்னே எனக்குத் தெரியல. எங்க மேடம் போச்சு?”

ரஞ்சிதா போனைக் காதில் வைத்தபடியே அலமாரியிலிருந்து ஒரு பிரதியை எடுத்துப் புரட்டினாள். நூற்றுப் பன்னிரண்டு. அடுத்து தொண்ணூற்றேழு. “நானே உங்களுக்குக் கூப்பிடுறேன்” என்று வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தாள். அதிலும் அப்படியே. கட்டிலுக்கு அடியில் இருந்த அட்டைப்பெட்டியை இழுத்துக் கவிழ்த்து, மிச்சமிருந்த முப்பத்தேழு பிரதிகளையும் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பதினாறு பதினாறு பக்கமாக அச்சடித்துத்தான் புத்தகம் தைப்பார்கள். அச்சகத்தில் ஒரு பதினாறையே இரண்டு தரம் அடித்து, அடுத்த பதினாறை அடிக்காமலே விட்டிருக்கிறார்கள். வசந்தா எங்கே போனாள் என்பது முந்நூறு பிரதியிலும் இல்லை.

அச்சகத்தின் மேல் வரவேண்டிய கோபம் அவளுக்கு ஏனோ வரவில்லை. பதினாறு பக்கம் காணாமல் போய் ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. ஊரே படித்துவிட்டது. ஒருவருக்குமா தெரியவில்லை? அருணாவின் செக் ஷீட்டை எடுத்து விரித்தாள். பத்துப் பத்துப் பேராக ஒரே பேனா, ஒரே சாய்வில் டிக். ஷிப்ட் முடியும்போது எட்டு மணி நேரத்துக்கும் சேர்த்து ஒரே தடவையாக டிக் போடுவார்களே, அதே டிக். இதைக் கண்டுபிடிப்பதற்குத்தான் கம்பெனி அவளுக்குச் சம்பளம் கொடுக்கிறது. முதல் நாளே கண்ணில் பட்டதுதான். பார்க்க மனசு வரவில்லை. அதைவிட, மேலே ஒன்றும் அடியில் ஒன்றும் பார்த்துவிட்டுப் பச்சை ஸ்டிக்கர் ஒட்டிய முதல் ஆள் அவளேதான்.

ஸ்ரீராம் வந்ததும் வராததுமாகக் கேட்டாள். “எந்த இடத்துல அழுதீக?”

“எதுக்கு?”

“நாவல்ல. கண்ணுல தண்ணி வந்துச்சுன்னீகளே.”

“அதான்... அந்தப் பொண்ணு பெட்டியத் தூக்கிட்டுப் போவால்ல, அங்கதான்.”

“அவ பெட்டியத் தூக்கிட்டே போகல.”

ஸ்ரீராம் செருப்பைக் கழற்றுவதில் ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டான். “நாப்பதாம் பக்கம் வரைக்கும் நெஜமாப் படிச்சேன் ரஞ்சி. அப்புறம் நைட் ஷிப்ட் வந்துருச்சு. நீ முகத்த முகத்தப் பாத்துட்டு இருந்தியா, இல்லன்னு சொல்ல வாய் வரல” என்றான். அவளுக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. சிரிப்புத்தான் முந்தியது.

திங்கட்கிழமை அருணா பதறிப்போனாள். “ரீகால் பண்ணிரலாம்டி. கஸ்டமருக்குத் தப்பான லாட் போனா திருப்பி எடுக்கறதில்ல? பதினாறு பக்கத்த அடிச்சு வீடு வீடாக் குடுத்துரலாம்.”

“வேணாம்” என்றாள் ரஞ்சிதா. “கேக்குறவங்களுக்கு மட்டும் குடுக்குறேன். எத்தனை பேரு கேக்குறாகன்னு பாக்கணும்.”

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது. பதினாறு பக்கத்தையும் கம்ப்யூட்டர் கடையில் பிரிண்ட் எடுத்து, சாப்பாட்டுப் பையில் வைத்துக்கொண்டாள். முதல் பிரதியோடு அன்று சாயங்காலமே எல்லப்பனைத் தேடிப் போனாள். அவர் பாகலூர் பக்கம் ஒரு அபார்ட்மெண்ட்டில் வேலையாக இருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும், முழங்காலில் சிமெண்ட். கூட வேலை செய்பவரிடம் தெலுங்கில் ஏதோ சொல்லிவிட்டு எழுந்து வந்தார். வீட்டில் பேசுவது தெலுங்கு, ஊரில் பேசுவது கன்னடம், பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தது தமிழ். டைல்ஸுக்கு அடியில் போட்ட கலவை இறுகும் வரை சும்மா உட்கார்ந்திருக்க வேண்டுமே, அந்த நேரத்தில் படிப்பாராம்.

கையைத் துடைத்துக்கொண்டு பக்கங்களை வாங்கி, ஒரு டைல்ஸ் பெட்டி மேல் உட்கார்ந்து அங்கேயே படிக்க ஆரம்பித்தார். ரஞ்சிதா எதிரில் நின்றாள். தான் எழுதியதை ஒருவர் படிப்பதை அவள் அதற்கு முன் பார்த்ததே இல்லை. எந்த வரிக்குப் புருவம் ஏறுகிறது, எங்கே உதடு அசைகிறது என்று எட்டி எட்டிப் பார்த்தாள். லாரி ஏறிப் பெங்களூர் போன வசந்தா, தையல் கம்பெனியில் சேர்ந்து, சொந்தமாகக் கடை வைத்து, புதுப் பேரோடு பெரிய ஆளாகிற இடம் வந்தபோது அவர் தலையை ஆட்டினார். ரஞ்சிதாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

படித்து முடித்துக் காகிதங்களை நேராக அடுக்கி முழங்கால் மேல் வைத்துக்கொண்டார். “நல்லாத்தான் இருக்கு மேடம். ஒண்ணு கேக்கலாமா?”

அந்தக் கேள்வி வந்துவிட்டது என்று நினைத்தாள். “கேளுங்க.”

“அந்தப் பொண்ணு பொட்டி மூடிக்கு உள்பக்கம் விலாசம் எழுதி வெச்சிருக்குன்னு முப்பத்தி ஒண்ணாம் பக்கத்துல எழுதியிருக்கீங்க. ஏழு பேரு ரூம்ல இருந்தாங்க. அந்த விலாசத்துக்கு ஒருத்தர்கூடப் போயிப் பாக்கலியே. கதைல வுட்டுப்போச்சா, இல்ல நெஜத்துலயே யாரும் போகலியா?”

அந்த விலாசம் கற்பனை இல்லை. பொற்கொடி நீல மையில் எழுதியிருந்ததை, இருந்தபடியே, யோசிக்காமல் ரஞ்சிதா நாவலில் எழுதியிருந்தாள். அறையைக் காலி செய்தபோது கடைசியாக இருந்தவள் என்பதால் அந்தத் தகரப் பெட்டி அவளோடு வந்தது. இன்றைக்கும் அவள் வீட்டுப் பரணில்தான் இருக்கிறது. நாவல் எழுதிய நோட்டுகளை அதற்குள்தான் போட்டு வைத்திருந்தாள். ஆறு வருஷமாக மூடியைத் திறக்கும்போதெல்லாம் விலாசம் கண்ணுக்கு எதிரே நின்றது. எங்கே போனாளோ என்று உருகி உருகி எழுதியவள், பஸ் ஏறிப் போய்ப் பார்க்கலாம் என்று ஒருநாள்கூட நினைக்கவில்லை.

“போகலைங்க” என்றாள். “யாருமே போகல.”

எல்லப்பன் எழுந்து போனார். கலவை இறுகிவிட்டதா என்று விரலால் தொட்டுப் பார்த்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ரஞ்சிதா நோட்டுகளைப் பெட்டியிலிருந்து எடுத்து வெளியில் வைத்தாள். அடியில் பொற்கொடியின் ரோஸ் நிற ஸ்வெட்டரும் இரண்டு சுடிதாரும் ஒரு டிபன் பாக்ஸும் அப்படியே கிடந்தன. மூடியில், ‘பொற்கொடி, த/பெ மணிவேல், பள்ளிக்கூடத் தெரு, சிங்காரப்பேட்டை’. சாப்பாட்டுப் பையை மாட்டிக்கொண்டு, நாவலில் ஒரு பிரதியைப் பெட்டி மேல் வைத்துத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். “நானும் வரட்டுமா?” என்ற ஸ்ரீராமிடம், “நீங்க நாப்பத்தொண்ணாம் பக்கத்துல இருந்து படிங்க” என்று சொல்லிவிட்டுத் தனியாகத்தான் போனாள். கிருஷ்ணகிரியில் ஒரு பஸ் மாறி, ஊத்தங்கரையில் ஒரு பஸ் மாறி, மொத்தமே மூன்றரை மணி நேரம். இந்த மூன்றரை மணி நேரத்துக்குத்தான் பதினேழு வருஷம் ஆகியிருந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து அதை நினைக்க நினைக்க அவளுக்கு வெட்கமாக இருந்தது.

பள்ளிக்கூடத் தெருவில் முதலில் கேட்ட ஆளே கை காட்டினார். “மாவு மில் பொற்கொடியா? தோ, சத்தம் வருது பாருங்க.”

மில்லுக்குள் நாலைந்து பேர் கேழ்வரகுத் தூக்கோடு வரிசையில் நின்றார்கள். முழங்கை வரை மாவு அப்பிய பெண் ஒருத்தி முதுகைக் காட்டிக்கொண்டு அரவை எந்திரத்தின் வாயில் தானியத்தைக் கொட்டிக்கொண்டிருந்தாள். திரும்பியவள் ரஞ்சிதாவைப் பார்க்கவில்லை, பெட்டியைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் அதையே பார்த்துவிட்டுப் பிறகுதான் முகத்துக்கு வந்தாள்.

“ரஞ்சிதாதான நீ?”

“ஆமா.”

“இப்பதான் பொட்டியக் கொண்டாறியா?” கோபமாகக் கேட்கவில்லை. நேற்றுப் பேசி விட்ட இடத்திலிருந்து பேசுவதுபோலக் கேட்டாள். “அப்பாவுக்குக் கை கால் வெளங்காமப் போச்சுன்னு தகவல் வந்துச்சு. நீங்க ஏழு பேரும் ஷிப்ட்டுல இருந்தீங்க. கட்டுன துணியோட ஓடியாந்தேன். விலாசம்தான் எழுதி வெச்சிருந்தமே, ஒரு வாரத்துல எவளாச்சும் ஒருத்தி கொண்டாந்து குடுப்பான்னு நெனச்சேன். ரெண்டு மாசம், ஊத்தங்கர பஸ்ஸு வந்து நிக்கறப்பல்லாம் எட்டி எட்டிப் பாப்பேன். அப்புறம் வுட்டுட்டேன்.”

ரஞ்சிதா அந்த இடத்திலேயே அழுதாள். வரிசையில் நின்றவர்கள் தூக்கைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். பொற்கொடி மாவுக் கையாலேயே அவள் தோளைத் தட்டிக்கொடுத்தாள். “சரி வுடு. வந்துட்டதான” என்றாள். பிறகு பெட்டி மேலிருந்த புத்தகத்தை எடுத்தாள். “இது என்னா?”

“நான் எழுதினது. நம்ம ரூமப் பத்தி. உன்னப் பத்தி.”

பொற்கொடி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். அட்டையில் மாவு விரல்கள் பதிந்தன. “எட்டாவது கட்டிலா? அது என்னுதாச்சே” என்றவள், சட்டென்று நிமிர்ந்தாள். “சொல்லாமக் கொள்ளாமப் போனேனே, இதுல என்னைய எங்க போனதா எழுதியிருக்க?”

இந்தக் கேள்வியைக் கேட்க ஒரு ஆள் கிடைக்காதா என்று ரஞ்சிதா எத்தனை நாள் கேண்டீனில் தனியாக உட்கார்ந்திருக்கிறாள். பதினாறு பக்கமும் சாப்பாட்டுப் பையில் தயாராக இருந்தன. பெங்களூர், லாரி, தையல் கம்பெனி, புதுப் பேர் எல்லாம். பைக்குள் போன கையை அப்படியே வெளியில் எடுத்துக்கொண்டாள்.

“அந்தப் பக்கம் மட்டும் இன்னும் அச்சாகல” என்றாள். “நீ சொல்லு. எங்க போன, என்ன ஆச்சு, எல்லாம் சொல்லு.”

பொற்கொடி வரிசையில் நின்றவர்களைப் பார்த்தாள். “ஒரு மணி நேரம் கழிச்சு வாங்கக்கா, எங்கூட்டு ஆளு வந்திருக்கு” என்றாள். மில்லை நிறுத்தினாள். ஒரு ஸ்டூலை இழுத்துத் துடைத்து ரஞ்சிதாவின் பக்கம் தள்ளிவிட்டு, தான் பெட்டி மேல் உட்கார்ந்துகொண்டாள்.

“அப்பன்னா, நீங்கல்லாம் ஷிப்ட்டுக்குப் போனப்புறம் நம்ம கீழ்வூட்டு ஓனர் அம்மா வந்து கதவத் தட்டுனாங்க, அதுல இருந்து சொல்லணும்” என்று ஆரம்பித்தாள்.